தேரூர்க் குளத்து இலைக்கோழியையும் கணக்கில் கொள்க

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாலியல் தேர்வு (துணைக்காக நடக்கும் போட்டியாலும் துணையைத் தேர்ந்தெடுக்கும் விருப்பத்தாலும் உயிரினங்களின் பண்புகள் தலைமுறைதோறும் மாறிவருவது) குறித்துத் தங்கள் இதழில் சென்ற வாரம் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். மயில் தோகை, மான் கொம்பு, சிங்கத்தின் பிடரி எனப் படங்களுடன் எளிமையாக எழுதப்பட்டிருந்தது. ஆனால், ஆண்கள் போட்டியிடுவதும் அவர்களுள் வலியவனைப் பெண் ஏற்பதுமே இயற்கையின் நியதி என்று அதை முடித்திருப்பது சரியன்று. டார்வின் 1871-இல் இக்கருத்தை விரித்து எழுதியபோதே, ஆண்களுக்குள் நடக்கும் சண்டையையும் பெண்ணின் விருப்பத்தையும் இரு வேறு வழிகளாகப் பிரித்துக் காட்டினார். முதலாவதை ஏற்பதில் அக்காலத்தவர்க்குப் பெரிய தயக்கம் இருக்கவில்லை. ஒரு பெட்டைப் பறவைக்கு ரசனை உண்டு என்பதைத்தான் டார்வினைப்போலவே இயற்கைத் தேர்வுக் கொள்கையைக் கண்டறிந்த வாலஸ் உள்ளிட்டோரால் ஒப்ப முடியவில்லை. கட்டுரையாளரும் அங்கேயே நின்றுவிட்டார்.

எங்கள் மாவட்டத்தில் வயலோரப் பனைகளிலும் தென்னைகளிலும் கூடு கட்டும் தூக்கணாங்குருவியைக் கவனித்தாலே பெண்ணின் விருப்பம் எவ்வளவு வலியது என்பது விளங்கும். இனப்பெருக்கக் காலத்தில் உச்சந்தலை மஞ்சளாகும் ஆண், நெல் தாளிலும் ஓலையிலும் நார் கிழித்துக் கூட்டைப் பாதிவரை பின்னி நிறுத்திவிட்டு, அதில் தொங்கியபடி சிறகடித்துப் பெட்டையை அழைக்கும். பெட்டை உள்ளே புகுந்து பார்த்து மனம் ஒப்பினால்தான் நீண்ட குழாய் வாயில் பின்னப்படும். ஒப்பாவிட்டால் அது அரைகுறைக் கூடாகவே கிடக்கும்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த, அரை மீட்டர் அளவுக்கு வால் வளரும் ஓர் ஆப்பிரிக்கப் பறவையை வைத்து மால்ட்டே ஆண்டர்சன் என்ற சுவீடன் நாட்டு உயிரியலாளர் கென்யாவில் செய்த சோதனை 1982-இல் வெளியானது. சில ஆண்களின் வாலை வெட்டிக் குறுக்கி, அந்த இறகுகளை வேறு சில ஆண்களின் வாலில் ஒட்டி நீட்டினார். வெட்டிய வாலைப் பழைய நீளத்திலேயே மீண்டும் ஒட்டிய ஆண்களையும் ஒப்பீட்டுக்கு வைத்துக்கொண்டார். வால் குறைந்த ஆண்கள் தம் எல்லையை மற்ற ஆண்களிடம் பறிகொடுக்கவில்லை. ஆனால், வால் நீண்ட ஆண்களின் எல்லைக்குள்தான் பெட்டைகள் அதிகமாகக் கூடு வைத்தன. சண்டைக்கு உதவாத ஓர் உறுப்பு விருப்பத்தினால் மட்டுமே வளரக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

கட்டுரையாளர் அறவே விட்டுவிட்ட செய்தி ஒன்று உண்டு. எந்தப் பால் போட்டியிடும், எந்தப் பால் தேர்ந்தெடுக்கும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, குஞ்சுகளை வளர்க்கும் பாரம் யார்மீது விழுகிறது என்பதே. 2022-இல் ராம்சார் தளமாக (உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக) அறிவிக்கப்பட்ட சுசீந்திரம் தேரூர் நீர்நிலைக்கு அவர் ஒருமுறை வந்தால், தாமரை இலைகளின்மேல் நீண்ட விரல்களை அகட்டி வைத்து நடக்கும் நீளவால் இலைக்கோழியைப் பார்க்கலாம். அந்த இனத்தில் பெட்டையே உருவில் பெரியது; மற்றப் பெட்டைகளோடு மோதித் தன் எல்லையைக் காப்பதும் அதுவே. முட்டைகளை இட்டு ஓர் ஆணிடம் விட்டுவிட்டு அடுத்த ஆணைத் தேடிப் போகும்; அடைகாப்பதும் குஞ்சுகளைக் கூட்டித் திரிவதும் ஆணின் வேலை. (தாமரை பறிக்கக் குளத்தில் இறங்குகிறவர்களைக் கேட்டால், மிதக்கும் இலைமேல் கிடக்கும் அந்த முட்டைகளைப் பற்றிக் கட்டுரையைவிட அதிகமாகவே சொல்வார்கள்.) எங்கும் பொருந்தும் 'ஆணின் நியதி' என ஒன்று இருந்தால் இந்தப் பறவை எப்படி உண்டாகியிருக்கும்?

கட்டுரையில் மனிதரைப் பற்றிய பகுதிக்கு வருகிறேன். ஆண்களுக்குள் சண்டை மிகுந்த இனங்களில் ஆண் பெண்ணைவிட மிகப் பெரிதாக இருப்பது வழக்கம். ஆண் கொரில்லா பெண்ணைப்போல் ஏறத்தாழ இருமடங்கு எடையுள்ளது. மனிதரில் ஆண்களின் சராசரி உயரம் பெண்களைவிட 7 அல்லது 8 சதவீதமே அதிகம், கோரைப்பற்களிலும் பெரிய வேறுபாடு இல்லை. கட்டைக் குரல், தாடி, தோள் வலிமை ஆகியவற்றில் பாலியல் தேர்வின் தடம் இருப்பதாகப் பல ஆய்வாளர்கள் கருதுகின்றனர். அவர்களுள்ளும் சிலர், தாடி பெண்களைக் கவர்வதைவிட மற்ற ஆண்களை மிரட்டவே பயன்பட்டிருக்கும் என்கின்றனர்.

இவற்றைவிட என்னை உறுத்தியது, வெளிர்நிறத் தோல் அழகுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பரவியது என்ற வரிதான். தோல் நிற வேறுபாட்டுக்குப் பாலியல் தேர்வைக் காரணமாகக் காட்டியவர் டார்வினே. ஆனால், அது கைவிடப்பட்டுவரும் விளக்கம். கடும் புற ஊதாக் கதிர் படும் நாடுகளில் தோலின் கருமை உடலிலுள்ள ஃபோலேட் சத்தைக் காக்கிறது என்பதும், வெயில் குறைந்த நாடுகளில் வைட்டமின் டி உண்டாக வெளிர்ந்த தோல் உதவுகிறது என்பதும் இன்று பரவலாக ஏற்கப்பட்டவை. மணமக்கள் தேவை விளம்பரங்களில் 'சிவந்த நிறம்' கேட்கிறவர்களுக்கு அறிவியலின் பெயரால் ஆதரவு தருவதாக அந்த வரி அமைந்துவிட்டது. கட்டுரையின் அடுத்த பகுதியை வெளியிடும்போது, அதன் தொடக்கத்திலேயே இதற்கான திருத்தத்தைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சுசீந்திரம், கன்னியாகுமரி மாவட்டம்.