நிமிடத்துக்குப் பத்து டாலர்

தூத்துக்குடி

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் போன வாரம் வந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று எழுதியிருந்தாய். எனக்கு மூச்சு பரவாயில்லை, முழங்கால்தான் தகராறு. அது கிடக்கட்டும். டென்வரில் இருக்கும் உன் மகன் மலையேறப் போகும்போது, சிக்னல் இல்லாத இடத்திலும் ஐபோனில் சாட்டிலைட் வழியாக உதவி கேட்கலாம், அதற்குக் காசே இல்லை என்றானாம். "கப்பலில் போன் பேச நிமிடத்துக்குப் பத்து டாலர் அழுதாயே, ஏமாந்துவிட்டாயா?" என்று கேட்டிருக்கிறாய்.

ஏமாறவில்லையடா. 1997-ல் கேப் டவுனுக்குப் போகும் வழியில், நடுக்கடலில் இருந்தபோதுதான் மகள் பிறந்த தகவல் டெலக்ஸில் வந்தது. ரேடியோ ஆபீசர் அறையில் இன்மார்சாட் என்ற சாட்டிலைட் போன். மேஜையில் ஸ்டாப்வாட்ச். அந்தச் சாட்டிலைட் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. நாம் பேசுவது அங்கே ஏறி வீட்டுக்கு இறங்கக் கால் நொடி, பதில் திரும்பி வர இன்னொரு கால் நொடி. அது பிடிபடாமல் நானும் உன் தங்கச்சியும் ஒரே நேரத்தில் "ஹலோ, கேக்குதா?" என்று மோதிக்கொண்டோம். நாலு நிமிடப் பேச்சில் ஒரு நிமிடம் 'கேக்குதா'வுக்கே போயிற்று. நாற்பது டாலர், அன்றைய கணக்கில் ஆயிரத்து நானூறு ரூபாய்க்கு மேல், சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. எண்பது கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

அடுத்த பயணத்தில் சிங்கப்பூரில் இறங்கி, சிராங்கூன் ரோட்டுக் கடையில் போன் கார்டுக்கு ஒரு டாலர் குறைக்கச் சொல்லிப் பத்து நிமிடம் பேரம் பேசினேன். அதே ஆள், அதே பெண்டாட்டி, அதே "சாப்பிட்டியா". கடலில் அந்த ஒரு போனை விட்டால் வேறு வழியில்லை. சிங்கப்பூரில் அடுத்த கடைக்குப் போய்விடலாம்.

மோட்டோரோலா தொடங்கிய இரிடியம் என்ற சாட்டிலைட் போன் கம்பெனி கவிழ்ந்ததும் இதனால்தான் என்று எனக்குப் படுகிறது. முதலில் 77 சாட்டிலைட் என்று திட்டம் போட்டு, அந்த அணு எண் கொண்ட உலோகத்தின் பெயரை வைத்தார்கள். பிறகு 66 போதும் என்று ஆனது. பெயரை மாற்றவில்லை. 66-க்கு உரியது டிஸ்ப்ரோசியம், அந்தப் பெயரில் போன் விற்க முடியுமா! ஏறக்குறைய 500 கோடி டாலர் போட்டு, 1998 நவம்பரில் கடையைத் திறந்தார்கள். செங்கல் மாதிரி ஒரு போன், விலை 3,000 டாலர். நாடு நாடாகப் பறக்கிற பிசினஸ்காரர்கள் வாங்குவார்கள் என்று கணக்கு. அவர்களோ இருப்பது ஓட்டலிலும் ஆபீசிலும். அந்தப் போனுக்கு வானம் தெரிய வேண்டும், கட்டடத்துக்குள் எடுக்காது. பையில் ஏற்கெனவே ஒரு சாதாரண செல்போன் வேறு இருந்தது. 1999 ஆகஸ்டில் திவால்.

அடுத்த ஆண்டுக் கடைசியில் மொத்தத்தையும் இரண்டரைக் கோடி டாலருக்கு வேறொரு கூட்டம் வாங்கியது. சாட்டிலைட்டுகள் அதேதான், ஆள்தான் மாறினார்கள்: அமெரிக்க ராணுவம், கப்பல்காரர்கள், எண்ணெய்க் கிணற்றில் இருப்பவர்கள். வேறு போன் எடுக்காத இடத்தில் இருப்பவர்களிடம் விற்றதால் கம்பெனி பிழைத்துக்கொண்டது.

உன் மகன் விஷயத்துக்கு வருகிறேன். 2022-ல் ஐபோன் 14-ல் அதைத் தந்தபோது இரண்டு வருடம் இலவசம் என்றார்கள், அப்புறமும் நீட்டித்தார்கள். இலவசம் என்ன இலவசம், போன் விலையில் அடங்கியிருக்கும். வீட்டுச் சோபாவில் இருக்கிறவனிடம், என்றோ மலையில் வழி தவறினால் உதவும் என்று மாதாமாதம் காசு கேட்டால் தருவானா? கால் முறிந்து பனியில் கிடக்கும்போது கேட்டால் வீட்டையே எழுதித் தருவான். அந்த நேரத்தில் போய்க் கேட்க எவனுக்கும் மனசு வராது.

ஓகிப் புயலுக்குப் பிறகு கன்னியாகுமரிப் பக்கத்து ஆழ்கடல் மீனவர்கள் சாட்டிலைட் போன் கேட்டது ஞாபகம் இருக்கிறதா? படகில் இருக்கும் விஎச்எஃப் ரேடியோ அவ்வளவு தூரம் எட்டாது. நம் நாட்டில் காசு இருந்தாலும் அனுமதி இல்லாமல் அந்தப் போனை வைத்திருக்க முடியாது, அது தனிக் கதை.

உன் தங்கச்சி உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். இப்போது வாட்ஸாப்பில் மகளோடு காசில்லாமல் பேசுகிறாள். ஆனாலும் நாலு நிமிடம் ஆனதும், "சரி, வெச்சிடட்டுமா?" என்று அவளுக்குத் தானாக வந்துவிடுகிறது.

அன்புடன்,
ராஜு