பழைய தோட்டப் படத்தில் கோயில் ஒரு மில்லிமீட்டர்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ரப்பர் தோட்டத்துப் பழைய மாணவர் சந்திப்பு, ஆலயக் குடமுழுக்கு மலர், இடுகாட்டு நிலச் சிக்கல் என்று எது வந்தாலும், யாராவது ஒருவர் வீட்டு அலமாரியிலிருந்து பழைய தோட்ட வரைபடம் ஒன்று வெளியே வருகிறது. தரையில் விரித்து, நான்கு மூலையிலும் மைலோ டின்னையோ செருப்பையோ வைத்து, மேலே நின்று கைப்பேசியில் ஒரு படம். அது புலனக் (வாட்ஸ்அப்) குழுவுக்குப் போகிறது. ஆவணப்படுத்தியாயிற்று என்று எல்லாருக்கும் நிம்மதி. தாள் மறுபடி சுருண்டு அலமாரிக்குள் போகிறது. அடுத்த முறை எடுக்கும்போது மடிப்பில் இரண்டாகப் பிரிந்திருக்கும்.

அந்தக் கைப்பேசிப் படத்தில் என்ன மிஞ்சுகிறது? ஓர் அங்குலத்துக்கு 8 சங்கிலி என்று வரைந்த தோட்டப் படத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு சங்கிலி 66 அடி, அதாவது 20.1168 மீட்டர். அளவு விகிதம் 1:6336. முப்பது மீட்டர் நீளமுள்ள, தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான லயம் ஒன்று தாளில் 5 மில்லிமீட்டருக்கும் குறைந்த கோடு. ஆறு மீட்டர் அகலக் கோயில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத புள்ளி. படம் ஒரு மீட்டர் அகலம் என்றால், 4000 புள்ளி (பிக்சல்) அகலமுள்ள கைப்பேசிப் படத்தில் அந்தக் கோயிலுக்கு நான்கு புள்ளிகூடக் கிடைக்காது. புலனம் அதை வழக்கமான தரத்தில் சுமார் 1600 புள்ளிக்குச் சுருக்கி அனுப்பும்போது ஒன்றரைப் புள்ளி. கோயிலா, தாளில் ஒட்டிய ஈயின் எச்சமா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. அதே தாளை அங்குலத்துக்கு 400 புள்ளி என்று ஸ்கேன் செய்தால் அந்தக் கோயில் 15 புள்ளி அகலம். பக்கத்தில் பென்சிலில் எழுதியிருப்பதையும் வாசிக்கலாம்.

ஆகவே 400 என்பதைக் குறைந்தபட்சமாக வைத்துக்கொள்ளுங்கள். முழு வண்ணத்தில், டிஃப் கோப்பாக. கறுப்பு வெள்ளை வேண்டாம்: மறுநடவு ஆண்டு, வயல் எண், பிற்காலத்தில் விற்ற துண்டு இவையெல்லாம் சிவப்பு, நீலப் பென்சிலில்தான் இருக்கும். ஏ0 அளவுத் தாள் இந்த முறையில் ஏறக்குறைய 740 மெகாபைட் வரும். பயந்து ஜேபெக் ஆக்கிவிடாதீர்கள். டிஃப்பை மூலமாகப் பத்திரப்படுத்தி, பகிர்வதற்குத் தனியாக ஒரு சிறிய பிரதி எடுத்தால் போதும். படத்தின் பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்தே ஸ்கேன் செய்யுங்கள். ஸ்கேனரின் தானியங்கி மெருகூட்டலை அணைத்துவிடுங்கள். பின்பக்கத்தையும் மறக்க வேண்டாம். முத்திரையும் அளவை எண்ணும் பல நேரம் அங்கேதான் இருக்கின்றன.

ஸ்கேனுக்கு முன் தாளைக் கையாளும் விதத்தில்தான் பாதி வரைபடங்கள் சாகின்றன. சுருண்டதை எதிர்ப்பக்கம் சுருட்டி நிமிர்த்தக் கூடாது. சுத்தமான மேசையில் விரித்து, மேலே வெள்ளைத் தாள், அதற்கு மேல் பலகை வைத்து இரண்டு மூன்று நாள் விடுங்கள். இஸ்திரிப் பெட்டி கிட்டவே வரக்கூடாது. தூசியை மென்தூரிகையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளுங்கள். ஒட்டிய செலோடேப்பை உரிக்க வேண்டாம், அப்படியே ஸ்கேன் ஆகட்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய கேடு லெமினேஷன். நல்லெண்ணத்தில் செய்கிறார்கள், கடைக்காரரும் பத்து நிமிடத்தில் செய்து தருகிறார். ஆனால் சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாளுக்குச் சேதமில்லாமல் பிரிக்க வழியில்லை. தாளின் அமிலம் உள்ளேயே அடைபட்டு அரித்துக்கொண்டிருக்கும். மேற்பரப்பின் பளபளப்பு ஸ்கேனிலும் தெரியும்.

நீல நிறப் பிரதி, அதாவது புளூபிரிண்ட் ஆனால் இன்னொரு எச்சரிக்கை. வெளிச்சத்தில் அது வெளுக்கும், காரமும் அதற்கு ஆகாது. பழந்தாள்களுக்கென்று விற்கும் காரம் கலந்த உறைகள் சாதாரணப் படத்துக்கு நல்லவை, புளூபிரிண்ட்டுக்கு விஷம். மெழுகு போல் வழவழப்பான டிரேசிங் துணியில் வரைந்தவை கஞ்சி போட்ட துணி. ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் அந்த இடம் வெளுத்துச் சுருங்கும். ஈரத்துணியால் துடைக்க நினைக்கவே கூடாது.

நகல் கடைகளில் உள்ள உருளை ஸ்கேனர் உறுதியான தாளுக்குச் சரி. நொறுங்கும் தாளை அது கிழிக்கும். உருளை வழுக்கினால் தாள் நகரும் திசையில் கோடுகள் இழுபடும். அப்படிப்பட்டதற்குக் கேமராதான் வழி. 6000க்கு 4000 புள்ளி கேமராவைக் கீழ்நோக்கித் தாங்கியில் பொருத்தி, இரு பக்கமும் 45 பாகையில் விளக்கு வைத்து, ஒரு படத்தில் 38க்கு 25 சென்டிமீட்டர் பகுதியை அடக்குங்கள். காற்பங்கு ஒன்றன்மேல் ஒன்று படும்படி எடுத்தால் 100க்கு 75 சென்டிமீட்டர் வரைபடத்துக்கு 16 படம் ஆகும். கேமரா அசையக் கூடாது. வரைபடத்தைப் பலகையோடு நகர்த்துங்கள்.

இனி, அந்தப் படத்தை இன்றைய நிலத்தின் மேல் உட்கார வைக்கும் வேலை. ஜியோரெஃபரன்சிங் என்பார்கள். இலவச மென்பொருளான கியூஜிஐஎஸ் போதும். பழைய படத்தில் ஓர் இடத்தைத் தொட்டு, அதே இடத்தைச் செயற்கைக்கோள் படத்திலும் தொட வேண்டும். அதுதான் கட்டுப்பாட்டுப் புள்ளி. சொல்ல எளிது, தேர்வு செய்வதில்தான் சிக்கல்.

ஜார்ஜ் டவுனையே பாருங்கள். லெபோ (தெரு) பந்தாய் ஒரு காலத்தில் உண்மையாகவே கடற்கரை. வெல்ட் கீ முழுவதும் பின்னால் கடலைத் தூர்த்து உண்டான நிலம். கட் லெபோ சூலியா, கட் லெபோ சைனா என்று ‘கட்’ (படித்துறை) சேர்ந்த தெருப்பெயர்கள் அங்கிருந்த பழைய படித்துறைகளின் மிச்சம். பழைய படத்தின் கரையோரத்தை இன்றைய கரையோரத்தோடு பொருத்தினால் ஊரே கடல்பக்கம் இழுபடும். மாறாக, லெபோ பந்தாய், லெபோ குவின், லெபோ சூலியா இவற்றின் சந்திப்புகளில் பழைய கட்டடங்களின் மூலைகள் நம்பகமானவை. கோலாலம்பூரில் ஆற்றை நம்பக் கூடாது. 1926 பெருவெள்ளத்துக்குப் பிறகு கிள்ளான் ஆற்றின் தடத்தையே நேராக்கினார்கள். தண்டவாளம் நல்ல அடையாளம்தான், ஆனால் இரட்டைப் பாதை போட்ட இடங்களில் சில வளைவுகளை நிமிர்த்தியிருக்கிறார்கள்.

தோட்டப்புறத்தில் இதைவிடக் கடினம். லயம் போயிற்று, பால்மரம் போயிற்று, ஆலை போயிற்று. மிஞ்சுவது என்ன? நில எல்லைகள். இன்றைய வீடமைப்புப் பகுதி முடிந்து செம்பனை தொடங்கும் கோடு, பல இடங்களில் பழைய தோட்டத்தின் எல்லைக் கோடே. பழைய சாலைப் பாலம், பெரிய வடிகால் சாலையைக் கடக்கும் இடம், சாலைச் சந்திப்பு இவையும் உதவும். தமிழ்ப்பள்ளி இடம் மாறியிருக்கலாம், விசாரித்துவிட்டே எடுங்கள். கோயிலை மட்டும் ஒருபோதும் கட்டுப்பாட்டுப் புள்ளியாக வைக்காதீர்கள். கோயில் முதலில் எங்கே இருந்தது என்று கண்டுபிடிக்கத்தானே இவ்வளவு பாடு? இன்றைய கோயிலிலேயே முளை அடித்துவிட்டால், விடையை முதலிலேயே எழுதிவிட்டுக் கணக்குப் போட்டது போல் ஆகும். நேரடியாகப் பொருத்த முடியாவிட்டால் நடுவில் ஒரு படி வையுங்கள்: தோட்டப் படத்தை, ஒரு மைலை ஓர் அங்குலமாகக் காட்டும் 1950களின் படத்தோடும், அதை இன்றைய படத்தோடும்.

புள்ளிகள் 12 முதல் 15 இருக்கட்டும். நான்கு மூலை, ஓரங்கள், பிறகு நடு. தெரிந்த இடம் லயத்துப் பக்கம் என்பதால் எல்லாப் புள்ளியையும் அங்கேயே குத்திவிட்டு, எதிர்மூலை நூறு மீட்டர் தள்ளிப் போனதைக் கவனிக்காமல் விடுவது அடிக்கடி நடக்கிற தவறு. உருமாற்றத்துக்கு முதல்படி பல்லுறுப்பு (பாலினோமியல் 1) முறையைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு மூன்று புள்ளியே போதும் என்றாலும், கூடுதல் புள்ளிகள்தான் பிழையைக் காட்டிக்கொடுக்கும். நம் ஊர் ஈரத்தில் தாள் நீளவாக்கில் ஒரு மாதிரியும் அகலவாக்கில் ஒரு மாதிரியும் சுருங்கும். இந்த முறை இரண்டையும் தனித்தனியாகச் சரிசெய்யும். 70 சென்டிமீட்டர் தாள் ஒரு விழுக்காடு சுருங்கினாலே 8 சங்கிலிப் படத்தில் தரையில் 44 மீட்டர் என்பதை நினைவில் வைத்தால் இதன் அவசியம் புரியும். சாய்வாக எடுத்த கைப்பேசிப் படம் மட்டுமே மிஞ்சியிருந்தால் புரொஜெக்டிவ் முறை, குறைந்தது நான்கு புள்ளி.

தின் பிளேட் ஸ்பிலைன் என்று ஒன்று இருக்கிறது. அதில் ஆசை வைக்காதீர்கள். ரப்பர் துணி போல் இழுத்து எல்லாப் புள்ளியையும் சரியாக உட்கார வைத்து, பிழை பூஜ்யம் என்று காட்டும். ஒரு புள்ளியைத் தவறாகக் குத்தியிருந்தாலும் பூஜ்யம்தான். எதைத் தேர்ந்தாலும் நான்கு புள்ளிகளைக் கணக்கில் சேர்க்காமல் ஒதுக்கி வையுங்கள். வேலை முடிந்ததும் அவை எத்தனை மீட்டர் விலகியிருக்கின்றன என்று அளந்து பாருங்கள். அதுதான் உண்மையான பிழை. 8 சங்கிலிப் படத்தில் 0.3 மில்லிமீட்டர் மைக்கோடே தரையில் இரண்டு மீட்டருக்கு அருகில் வரும் என்பதால், 10 மீட்டருக்குள் பிழை இருந்தால் நல்ல வேலை என்றே சொல்வோம். புள்ளிகளின் கோப்பையும் படத்தோடு சேர்த்துச் சேமியுங்கள். நாளை வேறொருவர் திருத்த வேண்டுமானால் அது இல்லாமல் முடியாது.

படத்தில் கட்டக் கோடுகளும் எண்களும் இருந்தால் வேலை எளிது என்று நினைப்போம். அங்கேயும் ஒரு பள்ளம் இருக்கிறது. மலேசியத் தீபகற்பத்தின் பழைய படங்கள் பல கெர்த்தாவ் என்ற தளத்தை, அதாவது இடங்களின் எண்களைக் கணக்கிடும் அடிப்படையை (டேட்டம்), சார்ந்தவை. நம் கைப்பேசியோ டபிள்யூஜிஎஸ் 84 தளத்தில் இயங்குகிறது. பழைய தீர்க்க, அட்சக் கோட்டு எண்களை அப்படியே இன்றைய எண்களாகக் கொடுத்தால் படம் முழுவதும் 150 மீட்டர் அளவுக்கு, பெரும்பாலும் கிழக்கு மேற்காக, நகர்ந்துவிடும். வடிவம் கெடாது, எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தும். அதனாலேயே கண்ணுக்குத் தெரியாது. ஆலயம் சாலைக்கு அந்தப் பக்கம் இருந்ததாக ஒரு புதுச் சண்டை கிளம்பும். மென்பொருளில் கெர்த்தாவ் ஆர்எஸ்ஓ மீட்டர் கட்டத்துக்கு இபிஎஸ்ஜி என்னும் குறியெண் 3168, சங்கிலிக் கட்டத்துக்கு 3167, இன்றைய ஜிடிஎம் 2000 தீபகற்பக் கட்டத்துக்கு 3375. தளமாற்றம் உண்மையில் நடந்ததா என்று தெரிந்த ஓர் இடத்தில் சோதித்துப் பாருங்கள்.

பழைய நில அளவைப் படங்கள் காசினி என்னும் வேறொரு வரைபட முறையில், மாநிலத்துக்கு ஒரு தொடக்கப் புள்ளியோடு இருக்கும். பினாங்குக்கு அது கார்ன்வாலிஸ் கோட்டை, கெடாவுக்கும் பெர்லிசுக்கும் குனோங் பேராக், சிலாங்கூருக்கு புக்கிட் ஆசா. சுங்கை மூடாவின் இக்கரையில் செபராங் பிறைத் தோட்டமும் அக்கரையில் கெடாத் தோட்டமும் ஒரே கம்பெனியுடையதாக இருக்கலாம், ஆனால் இரண்டு படங்களின் எண்களையும் ஒரே கட்டத்தில் போட்டால் பொருந்தவே பொருந்தாது.

பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலப் படத்தில் வாட்டர்ஃபால் என்று இருப்பது நம்மவருக்குத் தண்ணீர்மலை. மார்க்கெட் ஸ்திரீட் என்பது கடைத்தெரு. தோட்டங்களுக்கும் இப்படித் துரை வைத்த பெயர் ஒன்று, தொழிலாளர் அழைத்த பெயர் ஒன்று உண்டு. இரண்டாவது பெயரைச் சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே, படத்தின் மேல் தனி அடுக்காகப் பதிவு செய்யுங்கள். ஷேப்ஃபைல் என்னும் வரைபடக் கோப்பு வகையில் மட்டும் வேண்டாம். அதில் ஒரு பெயருக்கு 254 பைட் வரைதான் இடம். யூனிகோடு தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட், புள்ளியும் கொம்பும் தனிக்கணக்கு. பத்து பைட் மட்டுமே அடங்கும் நெடுவரிசைத் தலைப்போ மூன்று குறியோடு நின்றுபோகும். ஜியோபேக்கேஜ் கோப்பில் இந்தத் தொல்லை இல்லை.

‘தெர்ஹாட்’ (கட்டுப்படுத்தப்பட்டது) என்று முத்திரை குத்திய படம் கையில் இருந்தால் முகநூலில் போடாதீர்கள். அது 1972ஆம் ஆண்டு அதிகாரத்துவ இரகசியச் சட்டம் சம்பந்தப்பட்ட வகைப்பாடு. நில அளவை, வரைபடத் துறையான ஜூப்பெமிடம் முதலில் கேளுங்கள். அதேபோல், இப்படிப் பொருத்திய படம் எங்கே தேட வேண்டும் என்று காட்டும், எல்லை எது என்று தீர்ப்புச் சொல்லாது. எல்லைக்கு ஆதாரம் ‘பெலான் அக்குயி’ என்னும் சான்றளித்த அளவைப் படமும் உரிமம் பெற்ற நில அளவையாளரும்தான். நில அலுவலகத்தின் முன் கியூஜிஐஎஸ் படத்தை மட்டும் நீட்டினால் அன்றைக்கே வழக்கு பலவீனமாகிவிடும்.

கடைசியாக, உங்களுக்கே ஒரு வேண்டுகோள். ஞாயிறு பதிப்பில் பழைய வரைபடங்களை அவ்வப்போது வெளியிடுகிறீர்கள், மகிழ்ச்சி. பக்க அமைப்புக்காக அவற்றின் ஓரங்களை வெட்டிவிடுகிறீர்கள். அளவு விகிதம், தாள் எண், அளந்த ஆண்டு, வரைந்த அலுவலகத்தின் பெயர் எல்லாம் அந்த ஓரத்தில்தான் அச்சாகியிருக்கும். அடுத்த முறை படம் கொஞ்சம் சிறியதானாலும் பரவாயில்லை, நான்கு ஓரமும் தெரியும்படி போடுங்கள். அளவுக்கோட்டின் மேல் தலைப்பு எழுத்து விழ வேண்டாம்.

இப்படிக்கு,
வரைபடப் பணியில் உள்ள வாசகர்கள்,
ஜார்ஜ் டவுன், பினாங்கு