பெட்டிக்குள் பேட்டரி இருக்கிறதா?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. வலது கண் ஆபரேஷன் முடிந்து, இனி படிக்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு முதலில் எடுத்துப் படித்தது அதைத்தான். எழுத்து இப்போது பளிச்சென்று தெரிகிறது, இடது கண் அடுத்த மாதம். உன் மூட்டுவலி குறைந்திருக்கிறது என்று படித்ததில் பெரிய நிம்மதி. உன் அம்மா மட்டும் இன்னும் தனியாகத்தான் இருப்பேன் என்கிறாராமே. அவர் சொன்னால் சொன்னதுதான், அதை நீயோ நானோ மாற்றப் போவதில்லை. அதனால் அவர் வீட்டுப் போனைப் பற்றி நீ கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

மழை வந்தால் லேண்ட்லைனில் கரகரவென்று சத்தம், இரண்டு மாதமாகப் புகார் கொடுத்தும் யாரும் வரவில்லை, இன்டர்நெட் கொடுக்கும் கேபிள்காரர்களோ அதே கேபிளில் போனும் தருகிறோம், நம்பர் மாறாது, மாதக் கட்டணமும் குறைவு என்கிறார்கள், மாறலாமா என்பது உன் கேள்வி. குரல் தெளிவாக இருக்குமா என்று மூன்று இடத்தில் கேட்டிருக்கிறாய். கரண்ட் போனால் என்ன ஆகும் என்று ஒரு இடத்தில்கூடக் கேட்கவில்லை. நான் அதிலிருந்துதான் ஆரம்பிக்கப் போகிறேன்.

லேண்ட்லைன் போனுக்கு வீட்டில் பிளக் கிடையாது, கவனித்திருப்பாய். அதற்கு வேண்டிய கரண்ட் டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து அந்த இரண்டு செம்புக் கம்பி வழியாகவே வருகிறது, 48 வோல்ட் டிசி. நான் வேலையில் சேர்ந்த புதிதில் முதல் நாளே கூட்டிக்கொண்டு போய்க் காட்டியது பேட்டரி ரூமைத்தான். 2 வோல்ட் செல்கள் 24, வரிசையாக இணைத்திருக்கும், ஆசிட் வாடை மூக்கில் ஏறும், ஒவ்வொரு செல்லிலும் ஹைட்ரோமீட்டரை விட்டு அளவு பார்த்து நோட்டில் எழுதி வைப்போம். வெளியே எல்லாம் இருட்டில் கிடந்தாலும் அந்த செல்கள் லைன்களைத் தாங்கும், அவை இறங்குவதற்குள் டீசல் ஜெனரேட்டரை ஓடவிட்டிருப்போம். ரிசீவரை எடுத்ததும் கம்பியில் இருபது முப்பது மில்லியாம்பியர் கரண்ட் ஓடும், அதைப் பார்த்து எக்ஸ்சேஞ்ச் டயல் டோன் அனுப்பும். மணி அடிக்க மட்டும் 75 முதல் 90 வோல்ட் ஏசி வரும். கம்பத்தில் ஏறி ஈரக் கையோடு ஜாயின்ட் போட்டுக்கொண்டிருக்கும்போது யாராவது அந்த நம்பரைக் கூப்பிட்டால் தோள்வரை உதறும், அந்த உதறல் இன்னும் நினைவிருக்கிறது.

கேபிள் போனில் இந்த வேலை முழுவதும் வீட்டுக்குள் இருக்கிற ஒரு சின்னப் பெட்டிக்கு வந்துவிடுகிறது. மோடமும் போன் அடாப்டரும் சேர்ந்த பெட்டி அது. போன் வயரை அதன் பின்னால் செருகினால் போனுக்குக் கரண்ட் கொடுப்பது, மணி அடிப்பது, டயல் டோன் போடுவது எல்லாம் அதுதான். அம்மா காதில் கேட்கப்போகிற டயல் டோனே கையெட்டும் தூரத்தில் உண்டாவது. அந்தப் பெட்டிக்கு உயிர் சுவரில் இருக்கிற பிளக்கிலிருந்து வருகிறது. எக்ஸ்சேஞ்சில் நாங்கள் முறை வைத்துப் பார்த்துக்கொண்ட பேட்டரியை இனி வீட்டுக்காரர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும், இதை விற்க வருகிறவர் யாரும் சொல்வதில்லை, எனக்குக் கோபம் வருவது அதில்தான்.

சரி, குரலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதில் பயம் வேண்டாம். குரல் டிஜிட்டலாகிறதே என்று தயங்கியிருக்கிறாய், ஆனால் எக்ஸ்சேஞ்சுகள் டிஜிட்டலான நாளிலிருந்தே உன் குரல் அங்கே போனதும் நொடிக்கு 8000 தடவை அளக்கப்பட்டு, எண்களாக மாறி, நொடிக்கு 64 கிலோபிட் வேகத்தில்தான் போய்க்கொண்டிருக்கிறது. கேபிள் போனில் அந்த அளவெடுப்பு வீட்டுப் பெட்டியிலேயே நடக்கிறது, பெரும்பாலும் 20 மில்லிசெகண்டுக்கு ஒரு துண்டாக, நொடிக்கு 50 துண்டுகள் கிளம்பும். கேபிள் லைனில் அக்கம்பக்கத்து வீடுகளும் சேர்ந்தே இருப்பதால் எல்லோரும் ஒரே நேரத்தில் வீடியோ பார்த்தால் பேச்சு வெட்டுமா என்று கேட்டிருந்தாய். கேபிள் நிறுவனமே தரும் போன் என்றால், பேச்சுத் துண்டுகள் போக ஒரு நேரத்தை அவர்கள் தனியாக ஒதுக்கி வைப்பார்கள், அதனால் வெட்டுவது அபூர்வம். வேறு ஏதோ ஒரு நிறுவனத்தின் அடாப்டரை வாங்கி சும்மா இன்டர்நெட்டில் மாட்டினால் அந்த ஒதுக்கீடு கிடைக்காது, அங்கேதான் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலவும் பாதிச் சொல் காணாமல் போவதும் நடக்கும். இரண்டையும் ஒன்று என்று நினைத்துவிடாதே.

இப்போது எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன், இதை உனக்கு அப்போதே எழுதியிருக்க வேண்டும். நாங்கள் கேபிள் போனுக்கு மாறி நான்கு மாதம் இருக்கும், ஒரு ராத்திரி புயல் காற்று, கரண்ட் போய்விட்டது. இரண்டு மணிக்கு என் மனைவிக்கு மூச்சுத்திணறல். ரிசீவரை எடுத்தால் ஒரு சத்தமும் இல்லை, லைன் டெட். செல்போனில் சிக்னல் ஒரு கோடு வருகிறது, போகிறது. பக்கத்து வீட்டுப் பையன் காரை எடுத்தான், ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம், அவள் இப்போது நன்றாக இருக்கிறாள். மறுநாள் வந்து அந்தப் பெட்டியைத் திருப்பி அடியிலிருந்த சின்ன மூடியைத் திறந்து பார்த்தேன். பேட்டரி வைக்கிற இடம் காலி. பேட்டரி தனியாகக் கேட்டால்தான் தருவார்களாம், வந்து மாட்டியவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இத்தனை வருஷம் லைனில் வேலை பார்த்த நானும் அந்த மூடியைத் திறந்து பார்க்கவில்லை, அது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

அதனால் அம்மா வீட்டுக்கு மாற்றுவதாக இருந்தால் பேட்டரி உள்ளே இருக்கிறதை உன் கண்ணால் பார். இப்படிப்பட்ட பெட்டிகளில் வழக்கமாக வருவது எட்டு மணி நேரம் தாங்கும் பேட்டரி, அதுவும் போன் சும்மா இருந்தால்தான், பேசிக்கொண்டே இருந்தால் சீக்கிரம் இறங்கும், வருஷம் ஆக ஆகக் கொள்ளளவும் குறையும். பெட்டியின் மேல் மாட்டிய தேதியை எழுதி ஒட்டிவிடு. இன்னொன்று, தெருவில் கேபிள் சிக்னலைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர்களுக்கும் கரண்ட் வேண்டும், அவற்றுக்குக் கேபிள் நிறுவனம் தனி பேட்டரி வைத்திருந்தாலும் அதுவும் சில மணி நேரம்தான். உன் வீட்டில் எவ்வளவு பெரிய யுபிஎஸ் வைத்தாலும் தெருவில் உயிர் போய்விட்டால் ஒன்றும் செய்ய முடியாது. பழைய எக்ஸ்சேஞ்சின் உறுதி இதில் இல்லை, அதை ஒப்புக்கொண்டுதான் மாற வேண்டும். அம்மா கையில் இருப்பது கார்ட்லெஸ் போன் என்றால் அதன் ஸ்டாண்டுக்கும் தனி பிளக், லேண்ட்லைனே இருந்தாலும் கரண்ட் போனால் அது செத்துவிடும். வயர் போட்ட சாதாரண போன் ஒன்றைக் கட்டில் பக்கத்தில் வைத்துவிடு.

அவர் கழுத்தில் போட்டிருக்கும் அந்த அவசர பட்டனை, அழுத்தினால் போன் லைன் வழியாக உதவிக்கு ஆளைக் கூப்பிடுமே அதைப் பற்றி, நீ எழுதவே இல்லை, எனக்கு அதுதான் பெரிய கவலை. அந்த மாதிரிக் கருவிகள் பலவும் செம்பு லைனுக்காகச் செய்தவை, மோடம்போல டோன் அனுப்பிப் பேசும், பேச்சைச் சுருக்கி அனுப்பும் லைனில் அந்த டோன் சிதைந்து போகலாம். ஃபேக்ஸுக்கும் இதே தொல்லைதான். பிரிட்டனில் செம்பு லைனிலிருந்து மாற்றியபோது சில முதியவர்களின் கருவிகள் வேலை செய்யாமல் போய், 2023 டிசம்பரில் தாங்களாகக் கேட்காதவர்களை மாற்றுவதையே நிறுத்தி வைத்தார்கள். பட்டன் கொடுத்த நிறுவனத்தைக் கூப்பிட்டு, கேபிள் போனில் ஓடுமா என்று நேராகக் கேள். மாட்டிய பிறகு ஒரு தடவை அழுத்தி, அந்தப் பக்கம் ஆள் பேசுகிறாரா என்று பார்.

அப்புறம் முகவரி. செம்பு லைனில் கம்பி எந்த வீட்டில் முடிகிறது என்பது பதிவிலேயே இருக்கும், அவசர எண்ணைக் கூப்பிட்டால் அதை வைத்து வந்துவிடுவார்கள். கேபிள் போனில் பெட்டியை வேறு வீட்டுக்கு எடுத்துப் போய் மாட்டினாலும் பழைய முகவரிதான் அவர்களிடம் நிற்கும், ஆகவே எந்த முகவரி பதிவாகியிருக்கிறது என்று கேட்டுச் சரிபார்.

என் அபிப்பிராயம் என்ன என்று கேட்டால், முதலில் அந்த லேண்ட்லைனைச் சரி செய்யச் சொல்லிப் பார். மழையில் மட்டும் கரகரப்பு வருகிறது என்றால் எங்கோ ஒரு ஜாயின்ட்டில் தண்ணீர் இறங்குகிறது, ஆள் வந்தால் பெரிய வேலை இல்லை. அம்மா தனியாக இருக்கும்வரை அந்த லைன் இருந்தால் எனக்குத் தூக்கம் வரும். ஆனால் வருவார்களா என்று நம்பிக்கையோடு சொல்ல முடியவில்லை. நிறைய நாடுகளில் செம்பு லைனை எடுத்துக்கொண்டே வருகிறார்கள், பிரிட்டனில் 2025 டிசம்பர் என்று இருந்த கெடுவை 2027 ஜனவரிக்குத் தள்ளியிருக்கிறார்கள், அவ்வளவுதான், நிறுத்துவது நிறுத்துவதுதான். உதிரிப் பாகமும் கிடைப்பதில்லை, வேலை தெரிந்தவர்களும் எங்களைப் போல ஓய்வுபெற்றுப் போய்விட்டார்கள். உன் தம்பி சொல்கிறபடி செல்போன் மட்டும் போதும் என்பதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். அம்மா அதைச் சார்ஜில் போட மறப்பார், டவர் பேட்டரியும் சில மணி நேரத்தில் இறங்கிவிடும்.

மாறுவதுதான் என்று முடிவானால் பழைய லைனை நீயாக ரத்து செய்துவிடாதே, ரத்தானால் நம்பர் போய்விடும், புது நிறுவனம் நம்பரை மாற்றி எடுத்த பிறகு அது தானே அடங்கும். பெட்டியைச் சுவரில் இருக்கிற பழைய போன் சாக்கெட்டில் செருகி வீட்டுப் போன் வயரிங் முழுவதற்கும் கொடுக்கப் போகிறார்கள் என்றால், வெளியிலிருந்து வரும் செம்புக் கம்பியை முதலில் கழற்றச் சொல், இல்லாவிட்டால் எக்ஸ்சேஞ்ச் வோல்டேஜும் பெட்டி வோல்டேஜும் மோதி பெட்டி போய்விடும்.

மாட்டுகிற நாளை முன்கூட்டியே எழுது. ஆள் கிளம்புவதற்கு முன் பெட்டியின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, அம்மாவை எனக்குப் போன் செய்யச் சொல். நான் அன்றைக்கு எங்கும் போகாமல் போன் பக்கத்திலேயே இருக்கிறேன். அவர் குரலைக் கேட்டும் ரொம்ப நாளாகிறது.

அன்புடன்,
உன் பழைய சிநேகிதன்