ரயில் பாதைக்குப் பணம் கொடுத்தவர் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்திய ரயில்வேயின் தொடக்க காலம் பற்றித் தங்கள் இதழில் அண்மையில் வந்த கட்டுரை, ஆங்கிலேயர் தம் சொந்தப் பணத்தைப் போட்டு நமக்கு ரயிலைக் கொண்டுவந்ததாகச் சொல்கிறது. முதலீட்டுப் பணம் லண்டனிலிருந்து வந்தது உண்மைதான். ஆனால் அந்த முதலுக்கு நஷ்டம் வராமல் காத்தது இந்நாட்டுக் குடியானவர் கட்டிய வரி என்பதைக் கட்டுரை சொல்லாமல் விட்டது எனக்கு மிகுந்த வருத்தம் அளித்தது.

1849-இல் ஈஸ்ட் இந்தியன் ரயில்வே, கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வே ஆகிய இரு கம்பெனிகளுடன் செய்யப்பட்ட ஒப்பந்தங்களின்படி, 99 ஆண்டுகளுக்கு நிலம் இலவசமாகத் தரப்பட்டதோடு, போட்ட முதலுக்கு 5 சதவீத வட்டியும் உறுதி செய்யப்பட்டது. வண்டி ஓடிக் கிடைக்கும் வருமானம் அதற்குப் போதவில்லை என்றால், குறையை இந்திய அரசுக் கஜானா ஈடுகட்ட வேண்டும். நஷ்டமே வராது என்று எழுதிக் கொடுத்துவிட்ட பிறகு செலவைக் குறைக்க யாருக்கு அக்கறை இருக்கும்? இந்தியாவில் வைஸ்ராயின் ஆலோசனைக் குழுவில் நிதி உறுப்பினராக இருந்த மாஸி என்பவரே 1872-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் அளித்தபோது, 5 சதவீதம் உறுதியாகிவிட்ட ஆங்கில முதலாளிக்குத் தன் பணம் ஹூக்ளி ஆற்றில் கொட்டப்பட்டாலும் செங்கல்லும் சுண்ணாம்புமாக மாறினாலும் ஒன்றுதான் என்று கூறியிருக்கிறார்.

எங்கள் ஊர் அரக்கோணம் வழியாக 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் வண்டியை ஓட்டிய மெட்ராஸ் ரயில்வேயும் இத்தகைய உத்தரவாதத்தின் பேரில் வளர்ந்ததே. (செங்குன்றத்தில் சாலை போடக் கல் ஏற்றிச் செல்வதற்கென்று 1837-லேயே ஒரு பாதை இருந்ததையும் கட்டுரையாளர் குறிப்பிட்டிருக்கலாம்.)

அன்று போட்ட பணத்திலும் கணிசமான ஒரு பகுதி இங்கே தங்கவில்லை. எஞ்சினும் தண்டவாளமும் மட்டுமன்றி, தண்டவாளத்துக்கு அடியில் போடும் சிலீப்பர் கட்டைகள்கூடப் பல இடங்களுக்குக் கப்பலில் வந்திறங்கின. நான் பாதைப் பராமரிப்பில் வேலை பார்த்த காலத்தில், பழைய தண்டவாளத் துண்டுகளை வேலிக் கம்பமாக நட்டிருப்பார்கள். பக்கவாட்டில் துருவைச் சுரண்டினால் இங்கிலாந்து ஆலையின் பெயரும் ஆண்டும் புடைப்பெழுத்தில் தெரியும்.

அந்தத் தண்டவாளத்தைச் சுமந்து சென்று பதித்தவர்களும், அதற்கான வட்டியைக் கட்டியவர்களும் நம் முன்னோர்கள். ஈஸ்ட் இந்தியன் ரயில்வேயைப் பின்னர் அரசே வாங்கியபோது அதன் விலையும் இந்திய வருவாயிலிருந்தே ஆண்டுத் தவணைகளாகக் கொடுக்கப்பட்டது. இந்த ஒப்பந்தங்களைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்றை வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்,
அரக்கோணம்.