கோப்புப் படத்தில் இருப்பவர் எங்கள் பட்டறை ஆள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேலம் அம்மாப்பேட்டையில் எட்டுத் தறி வைத்து நடத்தும் குடும்பம் எங்களுடையது. 26 வருடமாக உங்கள் பத்திரிகைதான் வாங்குகிறோம்.

போன செவ்வாய்க்கிழமை நான்காம் பக்கத்தில் "கோயில் வாசல்களில் பிச்சைக்காரர் தொல்லை" என்று ஒரு கட்டுரை வந்தது. "வேலை கொடுத்தாலும் செய்ய மாட்டார்கள், இரக்கப்படுகிறவர்கள்தான் இந்தக் கூட்டத்தை வளர்க்கிறார்கள்" என்று அதில் ஒரு வரி. மேலே ஒரு படம். படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் "கோப்புப் படம்".

அந்தப் படத்தில் இடது ஓரமாக, சுவரில் சாய்ந்து ஒரு காலை நீட்டி உட்கார்ந்திருப்பவர் எங்கள் பட்டறையில் தார் சுற்றுகிறார், அதாவது தறிக்கு வேண்டிய ஊடை நூலைக் குச்சியில் சுற்றிக் கொடுக்கிறார். 2018 ஆடி முடிந்த கையோடு வந்தவர். இன்று வரைக்கும் எங்களோடுதான் இருக்கிறார்.

காலை பத்தரைக்கு டீ வந்ததும் தறியை நிறுத்துவோம். அந்தக் கால் மணி நேரம்தான் பட்டறையில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்கும். எட்டாவது வரை படித்தவர் என்பதால் பேப்பரைப் பிரித்து எல்லோருக்கும் வாசித்துக் காட்டுவது அவர்தான். அன்றைக்கும் அப்படித்தான் பிரித்தார். முதல் பக்கம் வாசித்தார், தங்கம் விலை வாசித்தார். நான்காம் பக்கம் வந்ததும் நிறுத்திவிட்டார். பேப்பரை நாலாக மடித்து மெஷின் மேல் வைத்துவிட்டு, தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். என்ன ஏது என்று புரியாமல் நாங்கள் பேப்பரைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. இரண்டு நாள் அவர் வேலைக்கு வரவில்லை.

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. முகத்தைத்தான் ஊர் முழுக்கக் காட்டிவிட்டீர்கள், பெயராவது அவரிடமே இருக்கட்டும்.

வெள்ளிக்கிழமைதோறும் கோட்டை மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவள் நான். அவர் தட்டில் ஒரு வருடத்துக்கு மேல் காசு போட்டிருக்கிறேன். முகத்தைச் சரியாகப் பார்த்ததில்லை. ஒருநாள் துண்டு மூட்டை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டே கோயிலுக்குப் போனேன். வாசலில் கட்டு அவிழ்ந்து பாதித் துண்டுகள் தரையில் சரிந்துவிட்டன. நான் அள்ளுவதற்குள் அவர் நகர்ந்து வந்து அடுக்கி, கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி ஒரு இழுப்பு இழுத்துக் கட்டிக் கொடுத்தார். எங்கள் பட்டறையில் ஒருவருக்கும் அப்படிக் கட்ட வராது. "இந்தக் கட்டு எங்கே கத்துக்கிட்டீங்கண்ணா?" என்று கேட்டேன். "லீ பஜார்ல இருபது வருசம் மூட்டை தூக்குனவனுங்கம்மா" என்றார். எங்கள் ஊர் மொத்த வியாபாரச் சந்தைதான் லீ பஜார்.

லாரியில் இருந்து மூட்டை சரிந்து கால் முறிந்திருக்கிறது. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டவர்கள் அப்புறம் வரவில்லை. எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. வேலை போனது, குடி வந்தது, மனைவி பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். அத்தனையும் ஒன்றரை வருடத்துக்குள். "உழைக்க மனமில்லாத கூட்டம்" என்று உங்கள் கட்டுரை எழுதுகிறதே ஐயா, அவர் முதுகில் ஏறி இறங்கிய அரிசி மூட்டைக்குக் கணக்கு உண்டா? அதில் உங்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் வந்த அரிசியும் இருந்திருக்கும்.

தார் சுற்றுவது உட்கார்ந்து செய்கிற வேலை. கால் பெரிதாக வேண்டியதில்லை. கோனில் நூல் தீர்ந்தால் மாற்ற வேண்டும், இழை அறுந்தால் முடிச்சுப் போட வேண்டும், நிறைந்த தார்க்குச்சியை எடுத்துவிட்டு வெறும் குச்சி மாட்ட வேண்டும். மூட்டை கட்டிப் பழகிய கையாயிற்றே, நாலே நாளில் பழகிவிட்டார்.

வேலை பழகியது சரி. மனிதர் பழகத்தான் நாளானது. மூன்று மாதம் எங்களைப் பாடாய்ப் படுத்தினார், அதையும் மறைக்க மாட்டேன். நாலு நாள் வருவார், இரண்டு நாள் காணாமல் போவார். சனிக்கிழமை கூலி வாங்கினால் திங்கட்கிழமை வரமாட்டார். சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வாசலில் போய்த்தான் உட்காருவார். உள்ளே இருந்த மற்றவர்களும் அப்போது ஒன்றும் யோக்கியம் இல்லை. அவர் மொண்ட குடத்தில் தண்ணீர் குடிக்க மாட்டோம் என்று இரண்டு பேர் சொன்னார்கள். நான் அதே குடத்தில் மொண்டு அவர்கள் எதிரிலேயே குடித்தேன். என் வீட்டுக்காரர் திட்டாத திட்டில்லை, "ஊர்ப் பாரமெல்லாம் நீயே சுமக்கணுமா" என்று. ஆனால் அவரைத் தேடிக்கொண்டு பழைய பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சைக்கிளில் போனதும் அவரேதான்.

நாலாவது மாதம் ஒருநாள் ஆள் இல்லாத அவசரத்தில் அவரிடம் 2,000 ரூபாயைக் கொடுத்து நூல் கடைப் பாக்கியைக் கட்டிவிட்டு வரச் சொன்னேன். செவ்வாய்பேட்டை போய்விட்டு மத்தியானத்துக்குள் திரும்பியிருக்க வேண்டும். இருட்டியும் வரவில்லை. வீட்டில் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. எட்டு மணிக்கு நொண்டிக்கொண்டே வந்து ரசீதை நீட்டினார். மீதி 40 ரூபாய் கையில் இருந்தது. "கடைக்காரர் சாயந்திரம்தான் வந்தாருங்க. பஸ்ஸுக்கு எடுத்துக்கன்னு நீங்க சொல்லலீங்களே" என்றார். நடந்தே வந்திருக்கிறார், அந்தக் காலை வைத்துக்கொண்டு. அதற்கப்புறம் திங்கட்கிழமை அவர் வராமல் இருந்ததில்லை. தட்டும் உள்ளே வந்துவிட்டது.

எல்லோரும் இப்படித்தான் என்று நான் சொல்ல வரவில்லை. 2019-ல் ஒரு பையனைச் சேர்த்தோம். பதினோராம் நாள் என் வீட்டுக்காரர் சைக்கிளோடு போய்விட்டான். உங்கள் வரிக்குச் சாட்சி தேவைப்பட்டால் அவன் இருக்கிறான். ஆனால் வீடு வாசல் உள்ள ஆட்கள் முன்பணம் வாங்கிக்கொண்டு சொல்லாமல் போனதை எந்தத் தறிக்காரரிடம் கேட்டாலும் விரல் விட்டு எண்ணுவார். அவர்களை எந்தப் பத்திரிகையும் கூட்டம் என்று எழுதுவதில்லை. பஸ் ஸ்டாண்டில் கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண்ணை என் சித்தப்பா மகன் ஏற்காட்டில் எஸ்டேட் வேலைக்குச் சேர்த்துவிட்டான். காப்பிப் பழம் பறிக்கிறாள், மிளகும் பறிக்கிறாள், குழந்தை பள்ளிக்கூடம் போகிறது. போன ஆடிக்கு மலையிறங்கி வந்தபோது எனக்கு ஒரு படி மிளகு கொண்டுவந்தாள். காசு கொடுத்தேன், வாங்கவில்லை.

நாடு முழுக்க 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் என்று 2011 கணக்கெடுப்பைக் கட்டுரையிலேயே போட்டிருக்கிறீர்கள். அத்தனை பேருக்கும் ஒரே வரியில் தீர்ப்பு எழுத எப்படி மனம் வந்தது? 1945-ல் வெள்ளைக்காரர் காலத்தில் போட்ட பிச்சைத் தடுப்புச் சட்டத்தைக் கடுமையாக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதே மாதிரிச் சட்டத்தின் பிரிவுகளை 2018-ல் டெல்லி உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. வேறு வழியில்லாமல்தான் தெருவுக்கு வருகிறார்கள், இது சமூகப் பொருளாதாரப் பிரச்சினை என்று 2021-ல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. நகரங்களில் லட்சம் பேருக்கு ஒன்று என்ற கணக்கில் இரவுத் தங்குமிடம் வேண்டும் என்று 2010-லேயே உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. 2011 கணக்குப்படி நம் சேலம் மாநகராட்சியில் 8 லட்சத்து 29 ஆயிரம் பேர். அப்படியானால் எட்டுத் தங்குமிடமாவது வேண்டும். உங்கள் நிருபர் ஒருநாள் ராத்திரி பத்து மணிக்கு மேல் ஊரைச் சுற்றி, யார் யார் எங்கெங்கே படுத்திருக்கிறார்கள் என்று பார்த்து எழுதட்டும், அந்தக் கட்டுரையைப் பத்துப் பிரதி வாங்குகிறேன்.

அவருக்கு ஒரு அடையாள அட்டை எடுக்க நாங்கள் பட்ட பாடு இன்னும் ஆறவில்லை. விலாசம் கேட்டார்கள். அட்டை இல்லாமல் வீடு தர மாட்டார்கள், வீடு இல்லாமல் விலாசம் ஏது? ஒரு அலுவலகத்துக்கு 14 மாதம் நடந்தோம். "இவர் உங்களுக்கு என்ன உறவு?" என்று ஒருவர் கேட்டார். "அண்ணன்" என்றேன். சிரித்தார். அதை அப்போதே உங்களுக்குக் கடிதமாக எழுதினேன். பிரசுரமாகவில்லை. இடம் இருந்திருக்காது, வருத்தமில்லை. ஆனால் அதே வாரம் ஆடித் திருவிழாவை முன்னிட்டுக் கோயில் பகுதி "சுத்தமானது" என்று அரைப் பக்கம் வந்தது. சுத்தம் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். திருவிழாவுக்கு முதல் நாள் ராத்திரி வண்டியில் ஏற்றி ஊருக்கு வெளியே இறக்கிவிடப்பட்டு, விடிய விடிய நடந்து திரும்பியவர் அவர்.

2020 ஊரடங்கில் தறி ஓடவில்லை. பாதிக் கூலிதான் கொடுக்க முடிந்தது. பழைய இடத்துக்கே போய்விடுவார் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். போகத்தான் செய்தார், எங்கள் வீட்டுச் சமையலில் பத்துப் பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டு. "கோயிலைச் சாத்திட்டா அவங்களுக்குச் சோறு ஏதுங்கம்மா" என்றார். எனக்கு அதுவரை அது தோன்றவே இல்லை.

வியாழக்கிழமை அவர் இருந்த வீட்டுக்கு நானே போனேன். ஓர் அறை, ஒரு பாய், சுவரில் அம்மன் காலண்டர். "வாடகை வீட்டுக்காரர் படத்தைப் பார்த்திருப்பாருங்களா?" என்று கேட்டார். அது ஒன்றுதான் கேட்டார். வெள்ளிக்கிழமை வேலைக்கு வந்துவிட்டார். பேப்பரை மட்டும் இப்போது வேறொரு பையன் எழுத்துக்கூட்டி வாசிக்கிறான்.

நீங்கள் வருத்தம் தெரிவித்து ஒன்றும் போட வேண்டாம். போட்டால் இன்னொரு தடவை அந்தப் படத்தைத் தேடிப் பார்ப்பார்கள். இந்தக் கடிதத்தையும் அவசியம் போட்டாக வேண்டும் என்பதில்லை. உங்கள் அலுவலகக் கோப்பில் இருந்து அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள். இனிமேல் இப்படிப் படம் போட நேர்ந்தால் முகத்தை மறைத்துப் போடுங்கள். இவ்வளவுதான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி,
அம்மாப்பேட்டை, சேலம்.