கேக் பெட்டிக்குள் கிறீன் வைத்தியர்: ஒரு நன்றி மடல்

எங்கள் வாசிகசாலையில் இரண்டு நாள் நடந்த பழைய வைத்திய நூல் கண்காட்சி ஒருமாதிரி நல்லபடியாக முடிந்தது. வந்தவர்கள் எல்லாம் என் கையைப் பிடித்துப் பாராட்டிவிட்டுப் போனார்கள். எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. மேசைக்குப் பின்னால் நின்றதைத் தவிர நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை.

முதல் நன்றி மானிப்பாய்ப் பெரியம்மாவுக்கு. அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் தன் மாணவர்களோடு சேர்ந்து தமிழாக்கிய 'மனுஷ அங்காதிபாதம்', 1872ஆம் ஆண்டுப் பிரதி, அவர் வீட்டு அலுமாரியில் இருந்தது. பழைய பருத்திச் சேலைத் துண்டில் சுற்றித் தந்தவர், "எச்சில் தொட்டுப் புரட்டாதை பிள்ளை" என்று மட்டும் சொன்னார். அதன் மூலமான ஹென்றி கிரேயின் ஆங்கில உடற்கூற்று நூல் லண்டனில் வெளிவந்ததே 1858இல்தான். 14 வருடத்தில் நம்மூர் மாணவர்கள் அந்தப் பாடத்தைத் தமிழில் படித்திருக்கிறார்கள்!

கிரேயின் நூலுக்குப் படம் வரைந்தவர் கார்ட்டர். கோடு இழுத்து ஓரத்தில் எண் போட்டுத் தேடவிடாமல், எலும்பின் மேலேயே பெயரை எழுதிவிடுவார். சித்திர ஆசிரியர் அவருடைய கை எலும்புப் படத்தைப் பெரிதாக வரைந்து, தமிழ்ப் பெயர்களையும் அதே மாதிரி எலும்பிலேயே எழுதினார். பிள்ளைகள் தங்கள் உள்ளங்கையை அதன்மேல் வைத்து வைத்துப் பார்த்ததில் இரண்டாம் நாள் மாலை பாதி எழுத்து அழிந்துவிட்டது. சேர், மன்னிக்கவும்.

ஓய்வுபெற்ற வைத்தியர் ஐயாவிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கிறீனின் 1875ஆம் ஆண்டு நூல் 'கெமிஸ்தம்'. ஏதோ வடமொழிச் சொல் என்று நினைத்து இரண்டு நாள் அகராதி புரட்டினேன். ஐயா சிரித்துவிட்டு, "வாய்விட்டுச் சொல்லிப் பாரும்" என்றார். சொன்னேன். கெமிஸ்ட்ரி!

குழந்தை நோய் மேசையில் நான் வைத்தது ஒரு நூலின் அச்செடுத்த பக்கங்கள்: டப்ளினில் 1836இல் எவன்சனும் மோன்செல்லும் எழுதியது. இதே மோன்செல்லின் பிரசவ நூலைத்தான் கிறீன் 1857இல் 'பிரசவ வைத்தியம்' ஆக்கினார். அட்டைகளில் 'கக்குவான்', 'தொண்டை அடைப்பான்' என்று எழுதியிருந்தேன். ஊர் மருத்துவமாது அம்மா பார்த்துவிட்டு, "இது ஆற்றை தமிழ்?" என்று கேட்டு, பேனை வாங்கி 'குக்கல்', 'தொண்டைக்கரப்பன்' என்று கீழே எழுதினார். அதற்குப் பிறகுதான் அம்மம்மாக்கள் அந்த மேசையில் நின்றார்கள், கதை சொன்னார்கள். இரண்டு பேர் அழுதார்கள்.

பழைய 'லை', 'ணை', 'றா' எழுத்துகளோடு மல்லுக்கட்டித் தட்டச்சுச் செய்த தம்பிக்கும், காகிதத்துக்குக் காசு வாங்காத அச்சகத்தாருக்கும் நன்றி.

கண்ணாடிப் பெட்டி தருவதாகச் சொன்ன இடம் கடைசி நாள் கையை விரித்துவிட்டது. சரி, அதை விடுவோம். பேக்கரி அண்ணைதான் கேக் வைக்கிற பெட்டியைத் துடைத்து ஓட்டோவில் அனுப்பினார். அண்ணை, பெட்டி சனிக்கிழமை வந்துசேரும்.

பெரியம்மா, புத்தகத்தை ஞாயிறு நானே கொண்டுவருகிறேன். கொஞ்சம் வனிலா மணக்கும். கோபிக்கக் கூடாது.