ரெக்டிபயர் வால்வைக் கொல்லும் பெரிய கண்டென்சர்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஹட்டன் டவுனில் நாற்பது வருடம் ரேடியோ திருத்தியவன் நான். பார்வை மங்கியதும் கடையைப் பூட்டிவிட்டேன், ஆனாலும் வீடு தேடி வேலை வருகிறது. இந்த மாதம் மட்டும் மூன்று வால்வு அம்ப்ளிபயர்கள் (டிரான்சிஸ்டருக்கு முந்திய, கண்ணாடிக் குழாய் வைத்த செட்கள்) வந்தன. மூன்றும் ஒரே வைத்தியத்தால் செத்தவை.

கடைசியாக வந்தது கொட்டகலைப் பக்கத்துத் தோட்டக் கோயிலின் பழைய மைக் செட். "மாமா, ஊம்முன்னு உறுமிக்கிட்டே இருந்துச்சு. ஒரு கடையில பெரிய கண்டென்சர் போட்டுக் குடுத்தாங்க. ரெண்டு வாரம் நல்லா இருந்துச்சு, இப்ப பியூஸ் நிக்க மாட்டேங்குது" என்றார் கமிட்டித் தம்பி. திறந்து பார்த்தேன். ஏசி கரண்டை டிசியாக்கும் ஈஇசட் 81 ரெக்டிபயர் வால்வுக்கு நேர் பின்னால் 220 மைக்ரோபரட் கண்டென்சர்! (கண்டென்சர் மின்சாரத்தைச் சேமித்து வைப்பது, மைக்ரோபரட் அதன் அளவு.) அந்த வால்வுக்கு 50க்கு மேல் போகக்கூடாது என்று செய்தவர்களே அச்சடித்திருக்கிறார்கள்.

நம் கரண்ட் 50 சைக்கிள். ரெக்டிபயரைத் தாண்டும்போது விநாடிக்கு 100 மேடு, 100 பள்ளம். பள்ளத்தை நிரப்புவது முதல் கண்டென்சர். செட் 100 மில்லிஅம்பியர் இழுத்தால், 50 மைக்ரோபரட் இருந்தும் கணக்குப்படி 20 வோல்ட் ஆட்டம் மிஞ்சும். அதை அடக்குவது சோக்கின் வேலை. சோக் என்பது இரும்பின் மேல் சுற்றிய செம்புக் கம்பிச் சுருள், ஹென்றி அதன் அளவு. 10 ஹென்றி சோக்கும் அதற்குப் பின்னால் இன்னொரு 50 மைக்ரோபரட்டும் இருந்தால் அந்த 20 வோல்ட் ஆட்டம் 0.1 வோல்ட் ஆகிவிடும். கோயில் செட்டில் சோக்கே இல்லை, அந்த இடத்தில் ஒரு ரெசிஸ்டர். சோக் செம்புக் கம்பிக்காக எப்போதோ எடைக்குப் போயிருக்கும்.

முதல் கண்டென்சரைப் பெரிதாக்கினால் உறுமல் குறையும், பொய்யில்லை. ஆனால் அது மேட்டின் உச்சியில் மட்டும், கொஞ்ச நேரத்துக்குள், மொத்தக் கரண்டையும் உறிஞ்சும். வால்வுக்குள் எலெக்ட்ரானை விடும் கதோட் அதைத் தாங்காது. அதிலும் நம் மலையில் காற்றடித்தால் கரண்ட் போய்ப் போய் வரும். வால்வு சூடாக இருக்கும், கண்டென்சர் காலியாகியிருக்கும். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் திரும்பினால் உள்ளே பளிச்சென்று ஒரு மின்னல், அவ்வளவுதான். டிரான்ஸ்போமர் தப்பினால் அதிர்ஷ்டம். பெரிய கண்டென்சர்தான் வேண்டுமென்றால் சோக்குக்குப் பின்னால் போடுங்கள்.

டியூப்லைட் சோக் போடலாமா என்று தம்பிமார் கேட்கிறார்கள். அவசரத்துக்குப் போட்டிருக்கிறேன். அது ஏறத்தாழ ஒரு ஹென்றிதான், மேலே சொன்ன கணக்கில் ஒரு வோல்ட் ஆட்டம் மிஞ்சும். கோயில் மைக்குக்குப் போதும், வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்க ஆகாது.

கண்டென்சரில் கை வைக்குமுன் வொலியூமை அடியோடு குறைத்துப் பாருங்கள். அப்படியும் அதே உறுமல் நின்றால் பவர் சப்ளையைச் சந்தேகிக்கலாம். குறைந்துவிட்டால் கோளாறு முன்பக்கம். மைக் வயரின் எர்த் விட்டுப்போயிருக்கும்.

இன்னொன்று: பிளக்கைக் கழற்றிய பிறகும் கண்டென்சரில் 300 வோல்ட் தங்கியிருக்கும். 10 கிலோஓம் ரெசிஸ்டரை இரண்டு முனைக்கும் குறுக்கே சில விநாடி பிடித்து, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே தொடுங்கள். என் இடது ஆட்காட்டி விரலில் உள்ள தழும்பு, இதைச் செய்யாமல் விட்ட ஒரு நாளில் வந்தது.

கோயில் செட்டுக்கு 47 மைக்ரோபரட்டும் புது வால்வும் போட்டாயிற்று. 10 ஹென்றி சோக்தான் எங்கும் கிடைக்கவில்லை. பழைய வால்வு ரேடியோவை இரும்புக்கடைக்குப் போடும் வாசகர்கள் அந்தச் சோக்கை மட்டுமாவது கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பழைய ரேடியோ பாஸ்,
ஹட்டன்